மிச்சம் விழுந்த கார்

பல் டாக்டரின் கார் நான்கு வருடமாக எஞ்சின் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. மழைக்காலத்தில் மட்டும் கிளப்புவதற்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை. இதை டாக்டரே சலூன் நாற்காலியில் உட்கார்ந்து, கழுத்தில் வெள்ளைத் துணி கட்டிய கோலத்தில், இன்றைக்கு வெயில் ஜாஸ்தி என்று சொல்கிற அதே குரலில் சொன்னார். சலூன்காரர் கத்திரியை நிறுத்தவில்லை. அந்தக் காரில் அவரே இரண்டு தடவை போய் வந்தவர். தெருவில் எல்லோருக்கும் அது தெரியும், முனையில் தண்ணீர்க் குழாய் இருப்பது தெரிகிற மாதிரி. நம்பாத ஆள் ஒரே ஒருவர். அவர் பக்கத்து நாற்காலியில் முகம் முழுக்க சோப்பு நுரையோடு சாய்ந்திருந்தார். டாக்டர் மனைவிக்குக் கூடப்பிறந்த தம்பி. வண்டிகளைச் சோதித்துத் தகுதிச் சான்று கொடுக்கும் ஆய்வாளர். இருபத்திரண்டு வருட உத்தியோகத்தில், கண்ணால் பார்க்காத ஒரு திருகாணிக்குக்கூட அவர் கையெழுத்துப் போட்டதில்லை.

"யாருகிட்ட மாமா கதை விடுறீங்க?" என்றார் நுரைக்குள்ளிருந்து.

"கதையா? வண்டிக்கு நாப்பது வயசாயிடுச்சு, வர்ற வெள்ளிக்கிழமை உன் ஆபீசுக்குத்தானே வரணும். நீயே திறந்து பாத்துக்கோ மாப்ளே."

ஆய்வாளருக்கு நுரையோடு சேர்ந்து முகமும் வெளுத்தது. நாற்பது வயது தாண்டிய வண்டி சோதனையில் தோற்றால் அன்றைக்கே அதை நசுக்கிவிட வேண்டும் என்பது சட்டம். நசுக்கும் இயந்திரம் அவருடைய ஜன்னலுக்கு நேர் பின்னால் இருந்தது. முழு லாரியை உள்ளே தள்ளினால் கல்யாணப் பெட்டி அளவில் வெளியே வரும். அதற்குள் மாமாவின் வண்டியை அனுப்புகிற நிலைமை தன் தலையில் விடியும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. இருபத்தாறு வருடத்துக்கு முன்னால் டாக்டர் இவருக்குப் பல் பிடுங்கினார். வலித்த பல்லுக்குப் பக்கத்துப் பல்லில் குறடைப் போட்டு, "இதுதானே?" என்று கேட்டார். வாய் நிறையப் பஞ்சு இருந்ததால் ஆய்வாளர் "ஊஊ" என்றார். அதை டாக்டர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து ஆய்வாளர் அக்கா வீட்டில் முன்னறையைத் தாண்டி உள்ளே போனதில்லை. கார் நின்ற கொட்டகையை அவர் பார்க்காமல் போனதும் அதனால்தான்.

கார் எப்படி எஞ்சினை இழந்தது என்பதற்கு டாக்டரின் கைதான் காரணம். முப்பத்தாறு வருடத்தில் அந்தக் கை எண்பதாயிரம் பற்களைப் பிடுங்கியிருந்தது. வரிசையாக வைத்தால் ரயில் நிலையம் வரை போய்த் திரும்பி வரும். ஒன்றைக்கூடத் திருப்பி வைத்ததில்லை. அப்படிப்பட்ட கை ஓய்வு பெற்ற மாதமே ஒரு பழைய காரைப் பிடித்துக்கொண்டது: மை நீலம், இரண்டு கதவு, உருண்டை விளக்கு, கிளப்புவதற்காக இழுத்தால் கையோடு வந்துவிடுகிற சோக் குமிழ். முதல் சனிக்கிழமை கார்புரேட்டரைக் கழற்றி மண்ணெண்ணெயில் குளிப்பாட்டி ஊதித் துடைத்துத் திரும்ப மாட்டினார். ஒரு நட்டு மிஞ்சியது. பதறிப்போய், ஞாயிற்றுக்கிழமை பெட்ரோல் பங்க் ஓரத்தில் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கிணற்றுக்குள் பார்ப்பதுபோல் மணிக்கணக்காக நிற்கும் பழைய கார்க்காரர்களிடம் போய்க் கேட்டார். "நட்டு மிஞ்சலேன்னாத்தான் டாக்டர் பயப்படணும்," என்றார்கள். அவர்கள் ஒவ்வொருவர் வீட்டிலும் மிச்சம் விழுந்ததைப் போட ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. டாக்டரும் ஒரு டப்பா வைத்தார். பழக்க தோஷத்தில் அதன்மேல் "மேல் இடது, இரண்டாம் கடைவாய்" என்று எழுதி ஒட்டினார்.

மிச்சம் விழுந்த வாரமெல்லாம் வண்டி முன்பைவிட நன்றாக ஓடியது. அதுதான் வினை. சனிக்கிழமை பிரிப்பது, ஞாயிற்றுக்கிழமை ஓட்டுவது என்று வழக்கமாகிவிட்டது. கையேட்டின் பக்கங்கள் கிரீஸ் பட்டுப் பட்டு அப்பளம்போல் ஆயின. ஒரு ரப்பர் வளையத்துக்காக எட்டு மாதம் கடிதம் எழுதிக் காத்திருந்தார். வந்தது, மாட்டினார், இன்னொரு வளையம் மிஞ்சியது. பத்தாம் நம்பர் ஸ்பேனர் மாதம் ஒன்று காணாமல் போயிற்று. அது உலகத்தில் எல்லாக் கார்க்காரருக்கும் நடப்பதுதான் என்பதால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மூன்றாவது வருடம் தரையில் எண்ணெய் சொட்டுவது நின்றபோது டாக்டர் சாப்பாட்டைப் பாதியில் விட்டு ஓடினார். பழைய வண்டி சொட்டவில்லை என்றால் உள்ளே எண்ணெய் இல்லை என்று அர்த்தம். படுத்துப் பார்த்தால் எண்ணெய்த் தொட்டியே இல்லை. அது இரண்டு வாரமாக அலமாரியில், "கீழ் வலது" என்ற சீட்டோடு உட்கார்ந்திருந்தது. அடுத்த வருடம் கியர்பெட்டி மிஞ்சியது. அதற்கடுத்த வருடம் எஞ்சின். கையேட்டை முதலிலிருந்து இரண்டு முறை படித்தார். படிக்குப் படி சரியாகத்தான் செய்திருந்தார். எஞ்சினுக்கு ஒரு பழைய போர்வையைப் போர்த்திவிட்டு, சும்மா சாவியைத் திருப்பிப் பார்த்தார். வண்டி நகர்ந்தது. அன்றிலிருந்து அதைக் கொட்டகைக்குள் தள்ள டாக்டர் மனைவியின் சுண்டு விரல் போதுமாக இருந்தது. பெட்ரோல் முள் பாதியில் நின்றது நின்றதுதான். பங்க்காரர் டாக்டரைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கொட்டகையில் நடக்க இடமில்லை என்று மனைவி சத்தம் போட்டதால், டாக்டர் மிச்சங்களை ஒன்றோடொன்று பொருத்தி ஓரமாக அடுக்க ஆரம்பித்தார். மிஞ்சிக் கிடந்த அடிச்சட்டத்தில் எஞ்சின், எஞ்சினோடு கியர்பெட்டி, அதோடு அச்சு, பிரேக், வயர் என்று வைத்துக்கொண்டே போனதில், செங்கல் மேல் தோலுரித்த கார் ஒன்று முழுசாக எழுந்து நின்றது. அந்த ஒரு தடவைதான் டாக்டரின் வாழ்க்கையில் எதுவும் மிஞ்சவில்லை. எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. ஆனால் அது மட்டும் கிளம்ப மாட்டேன் என்றது. கார் என்றாலே சக்களத்தி என்று சொல்லிப் பழகிய மனைவி, "ஒருத்தியோட மாரடிச்சது போதாதா? இப்ப ரெண்டா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார்.

அந்த அக்காதான் வியாழக்கிழமை, வாழ்க்கையில் முதல் தடவையாக, தம்பியின் அலுவலகத்துக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். ஜன்னலுக்குப் பின்னால் ஒரு வேன் பெட்டியாகிக்கொண்டிருந்தது.

"தம்பி, நாளைக்கு அந்தச் சக்களத்திய இதுக்குள்ள தள்ளிடாதடா."

"நீதானே அக்கா நிதம் அதைக் கரிச்சுக் கொட்டுவே?"

"திட்டுறது என் பாடு. உனக்கென்ன? வீட்டுல அவரு ஒண்ணு கேப்பாரு, நான் வாயத் திறக்கறதுக்குள்ள அடுத்த ரூமுக்குப் போயிருப்பாரு. வாயில பஞ்சு வச்சவங்ககிட்டயே பேசிப் பழகின மனுஷன். பதில்னு ஒண்ணு வரும்னே அவருக்குத் தெரியாது. அந்த வண்டியில உக்காந்தா எங்க எழுந்து போவாரு? எஞ்சின் போனதிலேர்ந்து சத்தமும் இல்ல. நான் சொல்றது காதுல விழுது. கல்யாணமாகி முப்பத்தி ரெண்டு வருஷம் கழிச்சு இந்த நாலு வருஷமாத்தான்டா நாங்க பேசிக்கிறோம்."

"நான் எப்படிக்கா இல்லாததை இருக்குன்னு எழுதுவேன்?"

"இருக்குன்னு எழுதுன்னு நான் சொன்னேனா?" என்று கேட்டுவிட்டு அக்கா எழுந்து போய்விட்டார். அந்தக் கேள்வி அன்று முழுக்க ஆய்வாளரின் காதுக்குள் ஈயாகச் சுற்றியது.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு மை நீலக் கார் சத்தமில்லாமல் வந்து கோட்டில் நின்றது. ஆய்வாளர் பானெட்டைத் தூக்கினார். உள்ளே அவருடைய சொந்தச் செருப்பு தெரிந்தது. செருப்பின் மேல் ஒரு எறும்பு போனது. ஓரத்தில், ஒரு விளிம்பில், பத்தாம் நம்பர் ஸ்பேனர்கள் நாற்பத்தேழு வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்தன. "அட, இங்கயா இருக்கு!" என்று டாக்டர் மகிழ்ந்துபோனார். காந்தமாக இருக்குமோ என்று ஆய்வாளர் அடியில் படுத்துப் பார்த்தார், வானம் தெரிந்தது. தரை சரிவோ என்று ரசமட்டம் வைத்தார். குமிழி நடுவில் நின்றது. புகை அளக்கும் குழாயை மாட்டினால் இயந்திரம் பூஜ்யம் காட்டி, தேர்ச்சி என்று சீட்டும் துப்பியது. பிரேக் இல்லாத வண்டி, பிரேக் சோதிக்கும் உருளை மேல் வைத்ததும் சுவரில் மோதியதுபோல் நின்றது. படிவத்தில் அறுபத்து நான்கு கேள்விகள். 'எஞ்சின்' என்ற இடத்தில் நன்று, சுமார், மோசம் என்று மூன்று கட்டங்கள்தான் இருந்தன. இல்லை என்பதற்குக் கட்டமே கிடையாது. அடிச்சட்டத்தில் பொறித்த எண்ணைத் தேடினால், அடிச்சட்டம் வீட்டில் இருந்தது.

ஆகவே இருபத்தாறு வருடத்துக்குப் பிறகு ஆய்வாளர் அக்கா வீட்டு முன்னறையைத் தாண்டி உள்ளே போனார். கொட்டகையில் தோலுரித்த கார் நின்றது. எண் சரியாக இருந்தது. அவருக்கு உயிர் வந்தது. இதுதான் வண்டி, இதைக் கிளப்பிவிட்டால் கதை முடிந்தது என்று சட்டைக் கையை மடித்தார். தீப்பொறி வந்தது. பெட்ரோல் வந்தது. காற்று அழுத்தம் புது வண்டி மாதிரி இருந்தது. பதினொரு மணியிலிருந்து நாலு மணி வரை, முழங்கை வரை கறுத்து, தெரிந்த வித்தை எல்லாவற்றையும் இறக்கினார். அது ஒரு இருமல்கூட இருமவில்லை. வாசலில் நின்ற மை நீல ஓட்டைக் கூடோ, தெருப்பிள்ளை ஒருத்தி சாவியைத் தொட்டதற்கே இரண்டடி முன்னால் வந்து நின்றது. எல்லாம் இருப்பது ஓடவில்லை, எதுவும் இல்லாதது ஓடுகிறது. இதில் எது வண்டி, எது மிச்சம்? ஆய்வாளர் கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார். படிவத்தின்படி இரண்டுமே தோல்வி. இரண்டையுமே நசுக்க வேண்டியதுதான்.

"ஏறு மாப்ளே, ஒரு சுத்து போயிட்டு வருவோம்," என்றார் டாக்டர். "அப்புறம் உன் இஷ்டம்."

ஏறினார். கார் தெருவைத் தாண்டி, பங்க்கைத் தாண்டி, பாலத்தின் மேல் ஏறியது. டயர் உருளும் ஓசையும் ஜன்னல் ரப்பரில் காற்று உரசுவதும் தவிர வேறு சத்தமில்லை. ஆய்வாளர் காலடியில் இருந்த கம்பளத்தை விலக்கிப் பார்த்தார், சாலை ஓடிக்கொண்டிருந்தது. மூடிவிட்டார். பாலத்தின் நடுவில் டாக்டர் கேட்டார்.

"அன்னிக்கு நான் பிடுங்கினேனே மாப்ளே, அது சரியான பல்லுதானா?"

கேட்டுவிட்டுக் காத்திருந்தார். பாலம் முடிந்தது. கிடங்குகள் வந்து போயின. ரயில்வே கேட் மூடித் திறந்தது. டாக்டர் வேறெதுவும் பேசவில்லை, தொண்டையைக்கூடக் கனைக்கவில்லை. இந்த மனிதர் இப்படிக் காத்திருப்பதைப் பார்த்ததில், ஓட்டைக் காரைப் பார்த்ததைவிட ஆய்வாளருக்கு அதிகம் குழம்பியது. ஆறாவது கிலோமீட்டரில் வாயைத் திறந்தார்.

"இல்ல மாமா. பக்கத்துப் பல்லு."

"ஓ," என்றார் டாக்டர். கொஞ்ச தூரம் போனதும், "ரொம்ப வலிச்சிருக்குமே," என்றார். மறுபடி காத்திருந்தார். ஆய்வாளர் சொல்ல ஆரம்பித்தார். பல்லில் தொடங்கி, அந்த வாரம் கஞ்சி குடித்தது, அக்கா வீட்டில் முன்னறையோடு நின்றுகொண்டது, தன் மகள் கல்யாணத்துக்கு இவர்களைக் கடைசி வரிசையில் உட்கார வைத்தது என்று இருபத்தாறு வருடமும் வெளியே வந்து விழுந்தது. ஊரை மூன்று சுற்று சுற்றினார்கள். பெட்ரோல் முள் பாதியில் இருந்தது.

அலுவலகம் பூட்டுகிற நேரத்துக்கு ஆய்வாளர் மேஜையில் உட்கார்ந்து, அடிமட்டம் வைத்து, 'மோசம்' என்பதற்குப் பக்கத்தில் நாலாவதாக ஒரு கட்டம் வரைந்தார். அதில் "இல்லை. பார்த்தேன். ஓடுகிறது." என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அடிச்சட்ட எண்ணுக்கு நேரே "கொட்டகையில் பத்திரமாக உள்ளது" என்றும் எழுதினார்.

படிவம் தலைமை அலுவலகம் போய்ச் சேரப் பதினோரு நாள் ஆனது. பன்னிரண்டாவது நாள் மேலதிகாரி ஃபோனில் கத்தியது அடுத்த அறையில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்டது. குடித்துவிட்டு எழுதினாயா, எஞ்சின் இல்லாமல் எந்த வண்டியாவது ஓடுமா, உண்மையைச் சொல் என்றார். ஆய்வாளர் ரிசீவரைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்து, அவர் முடிக்கும்வரை காத்திருந்தார்.

"ஓடுது சார். நானே ஏறிப் போனேன்," என்றார். "மழைக்காலத்துல மட்டும் கிளப்பறதுக்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும்."