நாற்காலி மாறிய காலை

"எனக்கு இன்னும் மாத்திரை வரலியே, லொரெய்ன்?"

நீமி கேட்டபோது லொரெய்ன் ஹௌகன் ஓட்ஸ் கஞ்சிக் கிண்ணங்களை எடுத்துக்கொண்டிருந்தாள். கொடுத்தேனே என்ற சொல் வாய் வரை வந்துவிட்டது. நிமிர்ந்து பார்த்தாள். ஜன்னலோரம், நீமி தினமும் உட்காரும் இடத்தில், ஆர்விட் நைலாண்ட் உட்கார்ந்து ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். ஏரியிலிருந்து அடித்த வெயிலில் கண் கூசியதால் நீமி அவரோடு இடம் மாறி உட்கார்ந்திருந்தார். அவ்வளவுதான் நடந்திருந்தது.

இரவுப் பனியில் சாலை அடைத்துப்போய் இரண்டு பணியாளர்கள் வரவில்லை. முதியோர் இல்லத்தின் மேலாளரான லொரெய்னே மாத்திரை வண்டியைத் தள்ளினாள். முகத்தைப் பார், பேரைக் கேள், அப்புறம் கொடு. இருபத்தாறு வருடமாகப் புதிதாய் வருகிற ஒவ்வொருவருக்கும் அவள் சொல்லிக்கொடுத்தது. இன்று நாற்காலியைப் பார்த்துக் கொடுத்துவிட்டாள். நீமியின் சர்க்கரை மாத்திரை, சர்க்கரை நோயே இல்லாத எண்பத்தெட்டு வயதுக்காரரின் வயிற்றில்.

"என்ன பொண்ணே, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?" என்றார் நைலாண்ட்.

அவர் விரலில் குத்திச் சர்க்கரை அளவைப் பார்த்தாள். எழுபத்தெட்டு. ஆரஞ்சுச் சாறு கொடுத்தாள். பக்கத்தில் வந்து நின்ற பணியாளர் ஷெல்பி அந்த எண்ணைப் பார்த்தாள், லொரெய்னைப் பார்த்தாள்.

"ஜூஸ்லயே சரியாயிடலாம்," என்றாள் ஷெல்பி மெதுவாக. "வேற யாருக்கும் தெரியாது."

லொரெய்ன் இன்னொரு கோப்பை சாறு ஊற்றினாள்.

"ரொக்ஸேனும் அன்னைக்கு அப்படித்தான் நெனச்சா. அப்புறம் மனசு கேக்காம உங்ககிட்ட வந்து சொன்னா."

மூன்று வருடம் முன்னால் ரொக்ஸேன் செய்ததும் இதே தவறுதான். அந்த முதியவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அழுதுகொண்டே வந்து சொன்னவளின் அடையாள அட்டையை அன்று மதியமே வாங்கி மேசைக்குள் போட்டு, வேலையை விட்டு அனுப்பியவள் லொரெய்ன்.

கால் மணி நேரம் கழித்து மறுபடி குத்தினாள். அறுபத்தொன்று. நைலாண்டின் நெற்றி வேர்த்திருந்தது. வெண்ணெய்க் கத்தி கையிலிருந்து நழுவித் தட்டில் விழுந்தது.

"ஆம்புலன்ஸைக் கூப்பிடு," என்றாள் லொரெய்ன். "மாத்திரை மாத்திக் குடுத்தது நான்னு சொல்லு. என்ன மாத்திரைன்னு இந்த அட்டையப் பாத்துப் படி."

வண்டி வர இருபது நிமிடம் ஆனது. அதற்குள் எண் ஐம்பத்திரண்டுக்கு இறங்கியது. அவர் தலையைத் தன் தோளில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு சாற்றை மடக்கு மடக்காகப் புகட்டினாள். அவர் அவளை யாரோ மாதிரி பார்த்தார். "கப்பல் கெளம்பிடுச்சா?" என்று கேட்டார்.

"இன்னும் இல்ல. குடிங்க."

அவரைத் தூக்கிக்கொண்டு போனதும் அவர் மகள் கிர்ஸ்டனைப் போனில் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னாள்.

"யார் குடுத்தது?"

"நான்."

"நீங்களா?"

"ஆமா, கிர்ஸ்டன். நான்தான்."

"உங்கள நம்பித்தான் அங்க விட்டேன்," என்று சொல்லி அவள் போனை வைத்துவிட்டாள். கத்தியிருந்தால் தேவலை என்றிருந்தது லொரெய்னுக்கு.

இரண்டு மணிக்கு மருத்துவமனையிலிருந்து செய்தி வந்தது. சர்க்கரை பழைய நிலைக்கு ஏறிவிட்டது, நாளை வரை வைத்துப் பார்ப்பார்கள், சூப் சரியில்லை என்று நைலாண்ட் திட்டுகிறார். லொரெய்ன் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு தொட்டியைப் பிடித்தபடி நின்றாள்.

பிறகு அறிக்கையை எழுதினாள். தவறு செய்த பணியாளர் என்ற இடத்தில் தன் பெயர். நடவடிக்கை என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றது. தலைமை அலுவலகம் தன்னை நீக்காது என்று அவளுக்குத் தெரியும். ஒரு எச்சரிக்கைக் கடிதம் வரும். இருபத்தாறு வருடம் என்று யாராவது பரிந்து பேசுவார்கள். ரொக்ஸேனுக்காக அன்று ஒரு வார்த்தை பேசியவர் இல்லை. பேசியிருக்க வேண்டியவள் அவள்தான்.

பழைய கோப்பிலிருந்து எண்ணை எடுத்து அழுத்தினாள். ஐந்தாவது மணியில் எடுத்தாள் ரொக்ஸேன். பின்னால் குழாய்த் தண்ணீர் பாத்திரத்தில் சளசளவென்று விழுந்துகொண்டிருந்தது.

"யாருங்க?"

"லொரெய்ன் பேசறேன். இன்னைக்கு அதே தப்ப நானும் செஞ்சேன், ரொக்ஸேன்."

அந்தப் பக்கம் யாரோ குழாயை மூடினார்கள். ஒரு சொட்டு விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று.