என் இடது, அவள் வலது

அவள் நடை என்னிடம் பதினொரு விநாடி இருந்தது.

முகம் இல்லை. கை இல்லை. இடுப்புக்குக் கீழே மட்டும். நான் படிக்கும் டிஜிட்டல் ஊடகக் கலைத் துறையில் உடலசைவைப் பதியும் பட்டைகள் ஏழுதான் இருந்தன. இடுப்புக்கு ஒன்று. தொடை, கெண்டைக்கால், பாதம் என்று காலுக்கு மூன்று. கட்டிக்கொண்டு நடந்தால் நடை மட்டும் கணினிக்குள் போய்ச் சேரும். அதை எந்த உருவத்துக்கும் மாட்டலாம். நாற்காலிக்குக்கூட.

போன வருடம் ஒரு சனிக்கிழமை மனைவியை லேபுக்கு வரச் சொன்னேன். மருந்துக்கடை வேலை முடிந்து அப்படியே வந்தாள். அவள் முன் மண்டியிட்டுப் பட்டைகளைக் கட்டினேன்.

"என்னடா, பார்சல் கட்டுற மாதிரி கட்டுற?"

"ஆடாம நில்லு."

"கட்டிக்கிறியான்னு கேட்டப்பகூட நீ இப்படிக் கால்ல விழல."

நடந்தாள். அறையின் கோடி வரை போனாள். திரும்பி நின்று, "போதுமா?" என்றாள். போதும் என்றேன்.

மூன்று மாதம் கழித்துக் காய்ச்சல் என்று படுத்தாள். ஒன்பதாம் நாள் இல்லை.

ஒரு பருவம் விடுப்பு எடுத்தேன். பிறகு வகுப்புக்குத் திரும்பினேன். வேறு எங்கே போவதென்று தெரியவில்லை.

இறுதியாண்டுப் படத்தை இருவர் இருவராகச் செய்ய வேண்டும். எனக்கு வாய்த்தவள் பெயர் ரேடியோ. வகுப்பு வைத்த பெயர். வாயை மூடவே மாட்டாள். என்னைவிட ஆறு வயது சிறியவள். என் மனைவியை ஒரே ஒரு முறை பார்த்து, அன்றே அண்ணி என்று உறவு கொண்டாடியவள்.

படம் மூன்று நிமிடம். மூடுபனி. ஒரு நீளமான பாலம். நூறு பேர் அக்கரைக்கு நடக்கிறார்கள். அவ்வளவுதான் கதை. கைவீச்சை ரேடியோ வரைந்தாள். கால்களுக்கு ஒரு நடை வேண்டும் என்றாள். என்னிடம் இருந்தது. கொடுத்தேன்.

லேபில் எப்போதும் கறுப்புத் திரை போட்டிருக்கும். காலை பதினொரு மணியும் அந்தி மாதிரிதான். அந்த அந்தியில் உட்கார்ந்து, நூறு பேர் அவள் காலால் நடப்பதைப் பார்த்தேன். சாம்பல் உருவங்கள். பனிக்குள் போய்க்கொண்டே இருந்தார்கள். எனக்கு எதுவும் ஆகவில்லை. யாரோ நடப்பது போல இருந்தது.

அவள் நடை எனக்கு மறந்துவிட்டது என்று நினைத்தேன். அந்த வருடத்தில் எனக்குப் பயம் என்று இருந்தது அது ஒன்றுதான்.

வெளியே வந்தால் தெருவும் பாலமாகவே தெரிந்தது. மனிதர்கள் கரைந்து, கால்கள் மட்டும் மிதந்து போகும். எவளோ ஒருத்தியின் பின்னால் இரண்டு தெரு போவேன். அவள் திரும்புவாள். வேறு யாரோ.

திங்கட்கிழமை காலை எங்கள் வகுப்பு மேடம் படத்தைப் பார்த்தார்.

"வலது கால் இழுக்குது. பதிவுல கோளாறு. சுத்தம் பண்ணிட்டு நாளைக்குப் பன்னெண்டு மணிக்குள்ள குடுங்க. அதுக்கப்புறம் வந்தா வாங்க மாட்டேன்."

"பண்ணிடவா அண்ணா?" என்றாள் ரேடியோ.

"பண்ணு."

பழையதில் ஒரு பிரதி வைத்துக்கொண்டு, இழுப்பை எடுத்தாள். வேகத்தையும் குறைத்தாள். நூறு பேரும் ஒழுங்காக, நிதானமாக நடந்தார்கள். ரெண்டர் போட்டாள். கணினி ஒவ்வொரு படமாக வரைந்து முடிக்க இருபது மணி நேரம் ஆகும்.

மதியம் அத்தை வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். அத்தை என்றால் என் மனைவியின் அம்மா. தையல்கடை வைத்திருக்கிறார். ஒருவர் கடைக்குள் நுழைவதை வைத்தே எந்தத் தோள் இறக்கம் என்று சொல்லிவிடுவார். போனில் பழைய நடையைக் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு நான்கு முறை பார்த்தார்.

"யாரு இது?"

"அவதான் அத்தை. அவ நடை."

"என் பொண்ணா? இல்லியே மாப்ள."

"உருவம் வேற. நடை அவளோடது."

"நடையத்தான் சொல்றேன். இவ வலது கால இழுக்குறா. என் பொண்ணுக்கு இடது. செருப்பு வாங்கிக் குடுத்து அலுத்துப்போனவ நான். ஜோடியில ஒண்ணு மட்டும் தேயும். பாதி செருப்பு விப்பாங்களான்னு கடைக்காரன்கிட்டயே கேட்டிருக்கேன்."

பாதிச் சாப்பாட்டில் எழுந்தேன்.

என் வீட்டு வாசலில் அவள் செருப்பு கிடந்தது. அத்தனை மாதமும் அதைத் தாண்டித்தான் போய்வந்தேன். எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். வலது புதிது போல இருந்தது. இடது குதிகால் காகிதமாகத் தேய்ந்திருந்தது.

பட்டைகளில் இ, வ என்று மார்க்கரில் எழுதியிருக்கும். நான் அவளுக்கு எதிரே மண்டியிட்டிருந்தேன். என் இடது கைப் பக்கம் இருந்த காலில் இ-யைக் கட்டினேன். எதிரே நிற்பவரின் இடது நம் வலது என்பது முதல் வாரத்துப் பாடம்.

நான் மறக்கவில்லை. கட்டியதுதான் தப்பு.

லேபுக்கு ஓடினேன்.

"ரெண்டர் ஓடுறத நிறுத்து."

"எதுக்கு? அஞ்சு மணி நேரம் ஓடியிருக்கு அண்ணா! பேய் கீய் புடிச்சிருச்சா உங்களுக்கு?"

"கால் மாறிப்போச்சு. அவளுக்கு இடது. நான் மாத்திக் கட்டிட்டேன்."

"அண்ணிக்கா?"

"ம்."

"அப்ப அந்த இழுப்பு கோளாறு இல்லியா?"

"இல்ல. அவ அப்படித்தான் நடப்பா."

ரேடியோ திரையையும் என் கையிலிருந்த செருப்பையும் பார்த்தாள். அதைக் கொண்டுவந்தது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

"நூறு பேரையும் மாத்தினா நாளைக்கு நாம ரெண்டு பேரும் பெயில்," என்றாள். "ஓடுறது ஓடட்டும். ஒருத்தர மட்டும் பக்கத்து மெஷின்ல தனியா எடுத்து மேல ஒட்டிடலாம். ஒருத்தர் போதுமா?"

"ஒருத்திதான இருந்தா."

பழைய பிரதியைத் திறந்தேன். இடதை வலதுக்கும் வலதை இடதுக்கும் மாற்ற ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. சாம்பல் உருவம் கிளம்பியது. இடது கால் தரையை விட மனமில்லாமல் ஒரு கணம் தேய்ந்தது. பிறகு, தாமதத்தை ஈடுகட்டுவது போல, ஒரு சின்ன எட்டு. மறுபடியும் தேய்ப்பு. அறையின் கோடிக்குப் போனாள். திரும்பினாள்.

போதுமா?

ரேடியோ பேசாமல் இருந்ததை அன்றுதான் பார்த்தேன். ஒரு டிஷ்யூவை என் பக்கம் தள்ளினாள். எதற்கு என்று அவளைப் பார்த்தேன். பிறகு புரிந்தது.

மறுநாள் பதினொன்றரைக்குப் படம் தயார். அத்தையை வரச் சொல்லியிருந்தேன். கழுத்தில் அளவு நாடாவோடு வந்தார். கறுப்புத் திரை போட்ட அறையில், நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். எங்கே பார்க்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை.

பனி. பாலம். நூறு பேர் போனார்கள்.

அத்தையின் விரல் எழுந்தது.

"அந்தா."

விரல் அவள் பின்னாலேயே நகர்ந்தது.

"அத்தன பேரும் மெதுவாத்தான போறாங்க. இவளுக்கு மட்டும் என்ன அவசரம்? கொஞ்சம் மெதுவாப் போகச் சொல்லுங்க மாப்ள."

ரேடியோ என்னைப் பார்த்தாள். மணி பதினொன்று நாற்பது.

"இனிமே மாத்த முடியாது அத்தை."

"முடியாதா?"

"முடியாது."

அவள் பனிக்குள் போய்விட்டாள். அத்தை நாடாவின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"சரி. இன்னொரு தடவ போடுங்க."

ஒப்படைக்க இன்னும் நேரம் இருந்தது. போட்டேன்.