இன்றிரவு மீண்டும் முயலும்

என் கடைக்கு வருகிறவர்கள் முதலில் சொல்வது ஒரே வாக்கியம்: "நான் ஒண்ணுமே பண்ணலீங்க, அதுவா இப்படி ஆயிடுச்சு." பதினெட்டு வருஷமாகக் கேட்டுக் காது புளித்துவிட்டது. போன் தானாகவே நடந்துபோய்த் தண்ணீர்த் தொட்டியில் விழுந்திருக்கும், தானாகவே மாடியிலிருந்து குதித்திருக்கும். இதைக் கேட்டுக் கேட்டே எனக்கு வாய் ஜாஸ்தியாகிவிட்டது. மருந்துக்கடைக்கும் சலவைக்கடைக்கும் நடுவே என் கடை, ஆறடிக்கு எட்டடி. வழி கேட்டால் "சிடுமூஞ்சி அக்கா கடையா?" என்றுதான் தெருவில் கேட்பார்கள். அந்தப் பெயரில் கூப்பிட்டால் நானும் திரும்பிப் பார்த்துத் தொலைக்கிறேன்.

அந்த அம்மா மட்டும் அப்படி ஆரம்பிக்கவில்லை. மாதம் முடிய நாலு நாள் இருந்தது. சாயங்காலம் நாலேகாலுக்கு, பள்ளிச் சீருடையில் ஒரு சின்னப் பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். கழுத்தில் அளவு டேப் தொங்கியது. திரைச்சீலை தைக்கிற இடத்தில் வேலையாம். கழற்றி வைக்க மறந்து அப்படியே வந்துவிட்டார். போனை மேஜைமேல் சத்தமே வராமல் வைத்தார்.

"அப்டேட் ஏற மாட்டேங்குதுங்க. ஏழு வாரமா முயற்சி பண்றேன்," என்றார்.

"மெமரி ரொம்பியிருக்கும். போட்டோவை எல்லாம் அழிச்சீங்களா?"

அவர் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். தேதி போட்டு, கோடு போட்டு எழுதியிருந்தது. போட்டோக்களை அழித்தது, வேண்டாத ஆப்களை எடுத்தது, போனை அணைத்துப் போட்டது, வேலை செய்கிற இடத்து வைஃபையில் இறக்கிப் பார்த்தது, சார்ஜர் வயரை மாற்றியது. நான் கேட்கலாம் என்று வைத்திருந்த கேள்வி எல்லாம் அந்தத் தாளில் இருந்தது. எனக்கு வேலை கற்றுத் தர வந்தவர் போல இருக்கிறாரே என்று கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது. திரையில் போனின் அறிவிப்பு நின்றது: "நேற்றிரவு அப்டேட் நிறுவ முடியவில்லை. இன்றிரவு மீண்டும் முயலும்."

"இப்ப என்னம்மா அவசரம்? பழைய சிஸ்டமே ஓடிக்கிட்டுதானே இருக்கு?"

அவர் மகளின் சட்டைக் கையை மேலே தூக்கினார். தோளுக்குக் கீழே, கோட்டுப் பொத்தான் அளவில் ஒரு வெள்ளை வில்லை ஒட்டியிருந்தது.

"எட்டு வயசு. மூணு வருஷமா சுகர். இந்த வில்லைதான் சுகர் எவ்வளவுன்னு போனுக்குச் சொல்லும். இறங்கினா போன் சத்தம் போடும். ஒண்ணாம் தேதியிலேருந்து அந்த ஆப் பழைய சிஸ்டத்துல ஓடாதாம். அறிவிப்பு அனுப்பிட்டாங்க. என் வீட்டுக்காரர் போன் இதைவிடப் பழசு, அதுல இந்த ஆப்பே ஏறாது."

பெண் சட்டைக் கையைத் தானே இறக்கிவிட்டுக்கொண்டு ஸ்டூலில் ஏறி உட்கார்ந்தாள். "கடுகு, காலை ஆட்டாதே," என்றார் அம்மா. கடுகு காலை ஆட்டிக்கொண்டே, கண்ணாடிப் பெட்டியில் தொங்கிய போன் உறைகளை எண்ண ஆரம்பித்தாள்.

நான் போனைக் கையில் எடுத்தேன். பேட்டரி நன்றாக இருந்தது. இடம் தாராளமாக இருந்தது. அப்டேட் முழுசாக இறங்கி, ஏறுவதற்குக் காத்துக்கொண்டிருந்தது. இந்த வகைப் போன் ராத்திரி ரெண்டு மணிக்குத்தான் ஏற்றுகிற வேலையை எடுக்கும். சார்ஜில் இருக்க வேண்டும், பூட்டியிருக்க வேண்டும், யாரும் தொடக் கூடாது. தயாராவதற்கே ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொள்ளும். நடுவில் யாராவது கையில் எடுத்தால் கோபித்துக்கொண்டு மறுநாளைக்குத் தள்ளிவிடும். போனை எப்போதெல்லாம் திறந்தார்கள் என்று காட்டுகிற பக்கத்தைத் திறந்தேன். ராத்திரி ரெண்டு பத்து. முந்தின ராத்திரியும் ரெண்டு பத்து. அதற்கு முந்தின ராத்திரியும் அதேதான்.

எனக்குக் கெட்டிக்காரத்தனம் தலைக்கேறிவிட்டது. பக்கத்தைக் கீழே தள்ளிப் பார்க்கக்கூடத் தோன்றவில்லை.

"தாள்ல கோடு போட்டு எழுதினா போதுமா? ராத்திரி ரெண்டு மணிக்குப் படம் பாத்துக்கிட்டிருந்தா அப்டேட் எப்படிம்மா ஏறும்?"

"படம் இல்லீங்க," என்றார் அவர், குரலை உயர்த்தாமல். "இவ கையில இருக்கற வில்லை மேல போனை வெச்சு நம்பர் பாப்பேன். ஒரு தடவை இவ அந்தக் கை மேலயே படுத்துட்டா, போனுக்கு எதுவும் போய்ச் சேரலை, சத்தமும் வரலை. காலையில எழுப்பினா எந்திரிக்கலை. அதுலேருந்து ரெண்டு பத்துக்கு எனக்கே முழிப்பு வந்துடும்."

நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். பதினெட்டு வருஷத்தில் வாடிக்கையாளரிடம் மன்னிப்புக் கேட்டதாக எனக்கு ஞாபகமில்லை. அன்றைக்குக் கேட்டேன். வெட்கமாக இருந்தது.

"அப்ப இங்கயே, இப்பவே ஏத்திடலாம். தானா ஏறினாத்தான் மெதுவா போகும், நாமளே அழுத்தினா நாப்பது நிமிஷம்," என்றேன்.

அவர் போன்மேல் கையை வைத்துவிட்டார். "இன்னிக்கு இவளுக்கு விளையாட்டு பீரியட். ஓடிட்டு வந்திருக்கா, இப்பதான் இறங்கற நேரம். பக்கத்து வீட்டுல ஒரு போன் அப்டேட் போட்டு அப்படியே செத்துப்போச்சு. ராத்திரியே ஆகட்டுமே."

"அப்ப ஒரே ஒரு ராத்திரி இதைத் தொடாதீங்க. விரல்ல குத்திப் பாக்கற மிஷின் இருக்கில்ல, அதுல பாருங்க."

சரி என்றார். கிளம்பும்போது வாசலில் நின்று, "வீட்டுக்காரர் இந்தப் பக்கம் ரொட்டி வேன் ஓட்டிக்கிட்டு வருவார். இதை அவர்கிட்ட சொல்லிடாதீங்க," என்றார். "ராத்திரி எந்திரிக்க மாட்டோம், அலாரத்தை நம்புவோம்னு நர்ஸ் முன்னாடி ரெண்டு பேரும் சத்தியம் பண்ணிக் குடுத்தோம். நாலரைக்கு வண்டி எடுக்கணும் அவர். இடி விழுந்தாலும் அசையாம தூங்குவார், தூங்கட்டும். இவளுக்கே இப்பதான் தெரியும்."

கடுகு உறைகளை முதலிலிருந்து எண்ணினாள்.

மறுநாளே திரும்பி வந்தார்கள். அறிவிப்பு அப்படியே நின்றது: இன்றிரவு மீண்டும் முயலும்.

"தொட்டீங்களா?" என்று எகிறினேன். பழக்கதோஷம்.

"சத்தியமா தொடலை. ரெண்டு பத்துக்கு விரல்ல குத்திப் பாத்தேன். பாவம், குத்தினப்பகூட இவ அசையலை. நம்பர் நல்லா இருந்துச்சு, போய்ப் படுத்துட்டேன்."

தொடவில்லை என்று சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை, இவரை நம்பினேன். அதனால் இந்தத் தடவை மேலோட்டமாகப் பார்க்காமல், அந்தச் சுகர் ஆப்பையே திறந்தேன். நாள் முழுக்க ஓடுகிற கோட்டின்மேல், போனை வில்லைமேல் வைத்துப் பார்த்த ஒவ்வொரு தடவைக்கும் ஒரு புள்ளி இருந்தது. முந்தின ராத்திரியில் ரெண்டு பத்துக்குப் புள்ளி இல்லை. மூணு இருபதுக்கு இருந்தது.

ஒரு நாள் பின்னால் போனேன். ரெண்டு பத்து, மூணு இருபது. இன்னொரு நாள் போனேன். ரெண்டு பத்து, மூணு இருபது.

"இந்த ரெண்டாவது புள்ளி யாரோடது?"

"அது மிஷினே வெச்சுக்கிறதுன்னு நினைச்சேன். நான் நம்பரை மட்டும்தான் பாப்பேன்."

"மிஷின் வைக்காது. போனைத் திறந்து வில்லை மேல வெச்சாத்தான் விழும். இதைத் திறக்க எத்தனை பேர் விரல் பதிஞ்சிருக்கு?"

"என்னோடது. அப்புறம்..." என்று நிறுத்தினார்.

 போனைத் தன் பக்கம் திருப்பி, விரலால் ஒவ்வொரு நாளாகத் தள்ளிக்கொண்டே போனார். போன வாரம். போன மாதம். மழைக்காலம். ஒரு தேதியில் விரல் நின்றது.

"அன்னிக்கு என் வீட்டுக்காரருக்கு நூத்தி மூணு டிகிரி காய்ச்சல்," என்றார். "பாத்ரூமுக்கு நான்தான் கையப் புடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போனேன்."

அந்தத் தேதியிலும் மூணு இருபதுக்கு ஒரு புள்ளி இருந்தது.

மாதத்தின் கடைசி நாள் மத்தியானம் மூன்று பேருமாக வந்தார்கள். ரொட்டி வேன்காரர் நல்ல உயரம். கடைக்குள் குனிந்துதான் நுழைந்தார். சட்டையில் சுட்ட ரொட்டி வாசனை. இருக்கிற இடத்தை யாருக்கும் தொந்தரவில்லாமல் அடைத்துக்கொள்கிற மனுஷர். விஷயம் எதையும் அவரிடம் வீட்டில் சொல்லவில்லை போலிருக்கிறது. மனைவி திரையை அவர் பக்கம் திருப்பி, மூணு இருபதின்மேல் விரலை வைத்தார்.

அவர் தலையைச் சொறிந்தார். "அது... தண்ணி குடிக்க எந்திரிச்சேன்."

"ஒரு வருஷத்துக்கு மேலயா தாகம்?"

"சரி, இந்த ரெண்டு பத்து யாரோடது? அது மட்டும் தானா விழுந்துச்சா?"

 நான் ஸ்க்ரூடிரைவரை எடுத்து, துடைத்து, திரும்பவும் துடைத்தேன். இதற்கு நடுவில் வாய் கொடுக்க எனக்கே தைரியம் வரவில்லை.

"சத்தியம் பண்ணீங்களே," என்றார் அந்த அம்மா கடைசியில்.

"நீயும்தானே பண்ணே."

"தூக்கம் இல்லாம வேன் ஓட்டறீங்களே, ஏதாவது ஆயிட்டா?"

"பத்து நிமிஷம்தான். பாத்துட்டுப் படுத்தாத்தான் தூக்கமே வருது. நீ அசந்து தூங்கறே, உன்னை எழுப்பக் கூடாதுன்னு லைட்டைக்கூடப் போட மாட்டேன். சுவத்தைத் தடவிக்கிட்டுப் போவேன்."

"நான் மட்டும் என்ன, கதவு கிறீச்னு சத்தம் போடும்னு அதுக்கு எண்ணெய் போட்டு வெச்சேன்."

"எண்ணெய் போட்டது நீயா? நான்ல போட்டேன்?"

ஒரே கதவுக்கு ரெண்டு பேரும் திருட்டுத்தனமாக எண்ணெய் போட்டிருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு பீறிட்டு வந்தது.  என் கடைக்கு வருகிற எத்தனையோ போன்களை நோண்டியிருக்கிறேன். ஒருத்தரிடமிருந்து ஒருத்தர் மறைக்கிற சங்கதிகளை வேண்டாம் வேண்டாம் என்றாலும் பார்த்துத் தொலைக்க வேண்டியிருக்கும். இப்படி ஒரு ரகசியத்தை நான் பார்த்ததே இல்லை. இந்த ரெண்டு பேரையும் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது.

"இனிமே ராத்திரி எதுவும் மிச்சமில்ல," என்றேன். "நாளைக்கு ஒண்ணாம் தேதி. இப்பவே ஏத்தறேன். ரெண்டு பேரும் இங்கயே இருங்க."

இந்தத் தடவை அந்த அம்மா போன்மேல் கை வைக்கவில்லை. பையிலிருந்து விரலில் குத்துகிற மிஷினையும், ஒரு பழச்சாறு பாட்டிலையும் எடுத்து மேஜையில் வைத்தார். நான் சார்ஜரைச் சொருகி 'இப்போதே நிறுவு' என்பதை அழுத்தினேன்.

திரை கறுத்தது. பிறகு ஒரு கோடு வந்து நகர ஆரம்பித்தது. இருபதாவது நிமிஷத்தில் கடுகு தானே நடுவிரலை நீட்டிக் குத்திக்கொண்டாள். முகம் சுளிக்கவில்லை. "நூத்தி நாலு," என்று அறிவித்துவிட்டு விரலைச் சூப்பினாள். அப்பா அவளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார்.

முப்பத்தைந்தாவது நிமிஷத்தில் கோடு மறைந்து திரை முழுக்க இருட்டாயிற்று. ஒரு நிமிஷம். ரெண்டு நிமிஷம். மூன்று.

"செத்துப்போச்சா?" என்றார் அந்த அம்மா. கழுத்து டேப்பை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல, இப்படித்தான் பண்ணும்," என்றேன். சும்மா சொன்னேன். மூன்று நிமிஷம் இருட்டாக இருக்கக் கூடாது.  எத்தனையோ போன் என் கையிலேயே போயிருக்கிறது, அதற்காக நான் ஒருநாளும் பயந்ததில்லை. அன்றைக்குப் பயந்தேன்.

நாலாவது நிமிஷம் போன் ஒருமுறை நடுங்கி, வெளிச்சம் வந்தது. பூட்டைத் திறக்கச் சொல்லிக் கேட்டது. இருவருமே விரலை நீட்டி, ஒருத்தரை ஒருத்தர் பார்த்து, இருவருமே பின்வாங்கினார்கள். கடைசியில் வேன்காரர், "நீயே," என்றார். அவர் மனைவி திறந்து, சுகர் ஆப்பை அழுத்தி, மகள் கையிலிருந்த வில்லைமேல் போனை வைத்தார். ஒரு சின்ன ஒலி. நூத்தி ஆறு.

 அப்பா, மகள் தலையில் கையை வைத்து அப்படியே வைத்திருந்தார்.

"இனிமே முறை வெச்சுக்கலாம்," என்றார் பிறகு. "ஒரு நாள் நீ, ஒரு நாள் நான். முறை இல்லாதவங்க தூங்கணும்."

"நீங்க தூங்குவீங்களா?"

"நீ தூங்குவியா?"

கடுகு ஸ்டூலிலிருந்து குதித்து இறங்கினாள். "அம்மா வந்தா போன் வெளிச்சம் மூஞ்சியில அடிக்கும். அப்பா கையால மறைச்சுக்குவாங்க," என்றாள். "அப்பாவையே பாக்க விடும்மா."

அம்மா அவளையே பார்த்தார். "உனக்கெப்படிடி தெரியும்? நீ தூங்கிக்கிட்டில்ல இருப்பே?"

"தூங்கலை."

"அன்னிக்கு விரல்ல குத்தினேனே? அசையவே இல்லையே நீ?"

கடுகு சீருடையின் நுனியைத் திருகினாள். "நான் தூங்கற மாதிரி இருந்தாத்தானேம்மா நீங்க ரெண்டு பேரும் போய்த் தூங்குவீங்க."

அந்த அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து அவளை இழுத்து அணைத்துக்கொண்டார். வேன்காரர் வெளியே போய் என் கடைப் பலகைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். மேஜைமேல் போன் அடுத்த அறிவிப்பைக் காட்டியது: இனி வரும் அப்டேட்கள் ராத்திரி ரெண்டு மணியிலிருந்து தானாக ஏறலாமா என்று கேட்டது. வேண்டாம் என்று அழுத்தினேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணி என்று மாற்றி வைத்தேன்.