கோட்டுக்கு மேலே ஒரு கட்டு

"ராத்திரி அதுங்க என்ன திங்கும்?" என்று மார்லா கேட்டாள், கல்யாணமாகி இந்தப் பண்ணைக்கு வந்த முதல் நாள், சாப்பாட்டு மேசையில், அத்தனை பேர் முன்னாலும், கேட்டதும் சிக்னியைப் பார்த்துத்தான், குதிரைகளுக்குத் தீனி போடுவது தங்கச்சி என்று அவளைக் கட்டிக்கொண்டு வந்த நீல்ஸ் அண்ணன் சொல்லிவைத்திருந்தான்... சிக்னி வாயில் உருளைக்கிழங்கோடு காது வரைக்கும் சிவந்துபோய் உட்கார்ந்திருந்தாள், பள்ளிக்கூடத்தில் டீச்சர் எழுப்பி நிறுத்தும்போதெல்லாம் எப்படியோ அப்படி, பதில் உள்ளே இருக்கிறது, வெளியே வரமாட்டேன் என்கிறது, பத்தாம் வகுப்போடு அந்த எழுந்து நிற்பதே வேண்டாம் என்று வந்துவிட்டவள், இங்கேயும் ஒருத்தி வந்து கேள்வி கேட்கிறாளே என்றிருந்தது. அப்பா, ஹால்வர், சிரித்தார். பக்கத்துப் பண்ணை ஓஸ்டாப் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார், "பீட்சா வரவழைச்சுக் குடுப்போம்மா, உங்க எட்மன்டன் சிட்டியில அப்படித்தானே?" மார்லாவும் சிரித்தாள், ஆனால் கேள்வியை விடவில்லை என்பது அவள் முகத்திலேயே இருந்தது, இப்போது நினைத்தால் தெரிகிறது, அன்றைக்கு ஏன் தெரியவில்லை? யாருக்குமே தெரியவில்லை. அந்தக் கேள்விதான் இந்த மே மாதம் பதினொரு குதிரைகளை நிற்க வைத்திருக்கிறது.

மே இருபது, வியாழன், கொட்டகைக் கதவைத் தள்ளினால் அடியில் இன்னும் பனி கரகரக்கிறது, இந்நேரம் கணுக்கால் உயரத்துக்குப் புல் நிற்க வேண்டும், ஏப்ரல் கடைசியிலேயே நின்ற வருஷங்கள் உண்டு, இந்த வருஷம் வானம் மனசு வைக்கவில்லை. சிக்னி முதல் வலையை விரித்துக் காய்ந்த புல்லை உதறி உதறி உள்ளே திணித்தாள், மேலே உத்தரத்திலிருந்து தொங்கும் கொக்கித் தராசில் மாட்டினாள், அண்ணன் ஏரியில் மீன் பிடித்தால் நிறுத்துப் பார்த்துப் பெருமையடிக்கிற தராசு, முள் ஆடி ஆடி ஐந்து பவுண்டில் நின்றது. ஐந்து, அதற்கு மேல் ஒரு பிடி கூடாது. முன்பெல்லாம் கையால் அள்ளிப் போடுவதுதான், காலையில் ஒரு குவியல், சாயங்காலம் ஒரு குவியல், குதிரை ஒரு மணி நேரத்தில் தின்றுவிட்டு மற்ற நேரமெல்லாம் வெறும் வயிற்றோடு வேலிக் கட்டையைக் கடித்துக்கொண்டு நிற்கும், அதுதான் குதிரை, அப்படித்தான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். மார்லாதான் ஒரு நாள் முழுக்க நட்ட கல் மாதிரி வேலி ஓரம் நின்று பார்த்தாள், குதிரையின் வயிறு சும்மா இருந்தால்தான் கெடுகிறது, கொஞ்சமாகப் போட்டாலும் வாய் ஓயக்கூடாது என்று கண்டுபிடித்தாள், ஊர் மைதானத்தில் கிழிந்துபோனதென்று தூக்கிப்போட்ட ஹாக்கி கோல் வலைகளைக் கேட்டு வாங்கிவந்து, இரண்டிரண்டாக ஒன்றன்மேல் ஒன்று வைத்துத் தைத்துப் பைகளாக்கினாள், வலைக்கண் சின்னதாக இருந்தால் உதட்டால் பிடுங்கிப் பிடுங்கித்தான் தின்ன முடியும், ஒரு மணி நேரத் தீனி நாலு மணி நேரம் வரும். ஓஸ்டாப் வேலிக்கு அந்தப் பக்கம் வண்டியை நிறுத்திக் கத்தினார், "என்ன மார்லா, இந்த வருஷம் கோப்பை உங்க குதிரைங்களுக்குத்தானா?" "நீங்க கோல் காக்க வந்தா கண்டிப்பா எங்களுக்குத்தான்" என்றாள் இவள், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமலே. அந்த மாதிரி ஒரு பதில் என் வாயில் என்றைக்காவது வருமா?

மூன்றாவது வலை. நாலாவது. சுவரோரத்துப் புல் குவியல் பக்கம் திரும்பாமலே அள்ள முடியுமா என்று பார்த்தாள், முடியவில்லை, கண் அந்தச் சுவருக்குத்தான் போகிறது, அப்பா சாக்கட்டியால் இழுத்த கோட்டுக்கு. மூன்று வாரத்துக்கு முன்னால் இழுத்தார், ஒருத்தர் முகத்தையும் பார்க்காமல், "இருபதாம் தேதி காலையில காஞ்ச புல்லு இந்தக் கோட்டுக்குக் கீழ இருந்துச்சுன்னா வயசான மூணும் கறிக்கு லாரி ஏறும், சினைக்குதிரைக்காவது வேணும்ல." அதில் கோபம் இல்லை, அப்பாவுக்குக் குதிரையைப் பிடிக்காது என்று யாரும் சொல்ல முடியாது, ஆனால் வயசான மூன்றில் ஒன்று கஸ், கஸ்ஸின் முதுகில்தான் சிக்னி உட்காரப் படித்தாள். மார்லா கோட்டைப் பார்த்தாள், புல் கட்டுகளை எண்ணினாள், "ஒரு வரிசை மிஞ்சும்" என்றாள். அவ்வளவுதான். அப்புறம் தராசு, வலை, நாளுக்கு நாலு வேளை, பாதிக்குப் பாதி ஓட்ஸ் வைக்கோல் கலந்து, பனியிலும் மழையிலும், கை விரல் வெடித்து ரத்தம் கசிகிறபோதும்... அவள் சொன்ன கணக்கில் பிசகே இல்லை. பிசகு என்னிடத்தில்.

ஞாயிற்றுக்கிழமை. மார்லா வைக்கோல் ஏற்றிவர ஓஸ்டாப் வீட்டுக்குப் போயிருந்தாள், தென்சரிவில் மட்டும் பனி உருகி ஒரு பச்சை, பச்சை என்றுகூடச் சொல்ல முடியாது, கண்ணை இடுக்கினால் தெரிகிற ஒரு சாயல், கஸ் வாசல் கதவின் மேல் கழுத்தைப் போட்டுக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றான், விலா எலும்பு எண்ணலாம் போலிருந்தது, அவன் ஒருத்தன் மட்டும், பத்தே நிமிஷம், யாருக்கு என்ன கெட்டுவிடும்? ஆறு வயதிலேயே தெரியும் எனக்கு, இந்தப் பக்கத்தில் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும், முதல் பச்சையைக் குதிரைக்குக் காட்டாதே, ஒரு சாண் வளரும்வரை கதவைத் திறக்காதே, அதில் வெறும் தண்ணீர்தான், வாயில் பட்டுவிட்டால் காய்ந்த புல்லை முகர்ந்தும் பார்க்காது, அந்த ருசியைத் தேடி வேலி ஓரமாக நாளெல்லாம் நடந்தே இளைத்துப்போகும்... தெரிந்தும் சிக்னி கதவுக் கொக்கியை எடுத்தாள். கஸ்ஸுக்குப் பின்னால் பத்தும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஓடின. வாளியில் ஓட்ஸைக் குலுக்கிக் குலுக்கித் திரும்ப அடைப்பதற்குள் அரை மணி நேரம். திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் வலையிலிருந்து புல்லை உருவி உருவிக் கீழே போட்டு மிதித்தன, ஒவ்வொரு பிடியும் சேற்றில் விழும்போது கோடு ஒரு விரல் மேலே ஏறுகிற மாதிரி இருந்தது, சொல்லிவிட வேண்டும் என்று மார்லாவின் பின்னாலேயே நடந்தாள், சொல்லவில்லை. மார்லா மிதிபட்டதைக் குனிந்து குனிந்து பொறுக்கினாள், தொழுவத்துக் கம்பிகளில் துணி காயப்போடுகிற மாதிரி விரித்துக் காயவைத்தாள், மறுநாள் உப்புத் தண்ணீர் தெளித்துப் போட்டாள், தூசி அடங்கத் தெளிக்கிறாள் என்றுதான் சிக்னி நினைத்தாள். புதன்கிழமை மதியம் சினைக்குதிரை வலையில் வாயை வைத்து உப்பை நக்கிவிட்டு ஒரு பிடி இழுத்து மென்றது, அப்புறம் கஸ், அப்புறம் எல்லாம்.

ஏழாவது வலையில் இருந்தபோது மார்லா உள்ளே வந்தாள், நீல்ஸின் பழைய மேலங்கி முழங்கால் வரை தொங்குகிறது, அண்ணன் வடக்கே எண்ணெய் முகாமில், ஆறு வாரமாகிறது, இந்த மேலங்கிக்குள் இவ்வளவு சின்ன உடம்பு எப்படி இத்தனையும் செய்கிறது? இப்போது சொல்லிவிடலாம், அப்பா வருவதற்குள், சொல்லு... "மார்லா, ஞாயித்துக்கிழமை நான்..."

"கஸ்ஸோட வலைக்கு ரெண்டு முடிச்சுப் போடு, நேத்து பல்லால அவுத்துட்டான், கிழட்டுத் திருடன்."

முடிச்சுப் போட்டாள். வாசலில் அப்பாவின் பூட்ஸ் சத்தம் கேட்டது, நேரே உள்ளே வரவில்லை, லத்திக் குவியல் பக்கம் நின்றுவிட்டது, மண்வெட்டியால் கிளறுகிற சத்தம், பச்சை மேய்ந்தால் லத்தியும் பச்சையாகத்தான் விழும், ஆனால் குவியல் மேலெல்லாம் பழுப்புதானே, அந்தப் பச்சை லத்தி எங்கே போனது, ஞாயிறு சாயங்காலம் மார்லா அவசர அவசரமாக அள்ளி அடியில் தள்ளினாளே, தொழுவம் சுத்தம் செய்கிறாள் என்று நினைத்தேனே...

அப்பா உள்ளே வந்தார். "அடியில பச்சையா இருக்கு. எப்ப மேஞ்சுச்சுங்க?"

"ஞாயித்துக்கிழமை, கொஞ்ச நேரம்" என்றாள் மார்லா.

"யாரு திறந்துவிட்டது?"

"முதல்ல கோட்டைப் பாருங்க ஹால்வர். யாருங்கிறதை அப்புறம் பாக்கலாம், அது எங்கயும் ஓடிப்போகாது."

அப்பா கோட்டைப் பார்த்தார். கையை நீட்டி உள்ளங்கையைக் குவியலின் மேல் மட்டமாக வைத்தார், சுவர் வரை நகர்த்தினார், கோட்டுக்கு மேலே ஒரு கட்டு உயரம், வரிசை இல்லை, ஒரே ஒரு கட்டுதான், ஆனால் மேலே. அந்தக் கட்டு முழுக்கச் சேற்றிலிருந்து பொறுக்கிப் பொறுக்கி மிச்சம் பிடித்தது, ஒவ்வொரு தாளாக. அப்பா தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார், "ராத்திரி என்ன திங்கும்னு கேட்டுச்சு இந்தப் பொண்ணு" என்று யாரிடமோ சொல்வதுபோல் சொன்னார், இந்த முறை சிரிக்கவில்லை, "லாரிக்காரனை வர வேண்டாம்னு சொல்லிடறேன்." போகும்போது சிக்னியை ஒரு தரம் பார்த்தார், பார்த்தாரா, இல்லை கதவைப் பார்த்தாரா?

எட்டு, ஒன்பது, பத்து. கை தானாக நடக்கிறது. அப்படியானால் ஞாயிறு சாயங்காலமே இவளுக்குத் தெரியும், லத்தியைப் பார்த்தவுடனே, யார் என்பதும் தெரியும், பண்ணையில் வேறு யார் இருக்கிறார்கள்? தெரிந்துகொண்டுதான் உப்பு, தெரிந்துகொண்டுதான் கம்பியில் காய்ந்தது... சட்டென்று இன்னொன்றும் நினைவுக்கு வந்தது, கை நின்றுவிட்டது. நான் நிறுத்த வலையை மார்லா எப்போதும் இன்னொரு தரம் தூக்கி மாட்டிப் பார்ப்பாள், முதல் நாளிலிருந்து, ஒரு வேளைகூடத் தவறாமல், கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும் எனக்கு, ஞாயிற்றுக்கிழமைக்கு அப்புறம் ஒரு தரமும் பார்க்கவில்லை. தப்புச் செய்தவளை இன்னும் இறுக்கிப் பிடிப்பார்கள், இவள் ஏன் பிடியை விட்டாள்? நம்பியா? இல்லை, இனி உன் கைதான் உன்னைப் பார்த்துக்கொள்ளட்டும் என்றா? கேட்கலாம், மூன்று அடியில்தான் நிற்கிறாள், "ஏன் மார்லா?" என்று இரண்டே வார்த்தை... பதினோராவது வலையைக் கொக்கியில் மாட்டினாள், முள் நாலுக்கும் ஆறுக்கும் நடுவே ஆடிக்கொண்டிருந்தது, இன்னும் நிற்கவில்லை, அதற்குள் வெடித்த விரல்கள் வந்து வலையைக் கொக்கியிலிருந்து எடுத்தன, மார்லா முள்ளைப் பார்க்கவில்லை, சிக்னியைத்தான் பார்த்தாள், வலையைத் தோளில் போட்டுக்கொண்டு குதிரைகள் நிற்கிற பக்கம் போனாள்.