மூன்றாம் மெஷினின் குறி

பின்லாந்தில், எங்கள் கப்பல் கட்டும் தளத்தில் எந்த வெல்டிங் மெஷினும் உண்மை பேசாது. கரண்டைக் கூட்டிக் குறைக்கும் திருகில் நூற்றைந்து ஆம்பியர் வைத்தால் ஒன்று தொண்ணூறு தரும், இன்னொன்று நூற்றிருபதைத் தாண்டும். ரிப்பேருக்குச் சொன்னால் கடல் உறைந்து உருகிவிடும், ஆள் வரமாட்டான். அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம். மெஷினின் பொய்யைக் கண்டுபிடித்தவர் திருகுக்குப் பக்கத்தில் சாக்குக்கட்டியால் எழுதி வைத்துவிட வேண்டும். அடுத்து வருகிறவன் ஜென்ம விரோதியாக இருந்தாலும் எழுத வேண்டும்.

தோள்பட்டை ஆபரேஷன் முடிந்து நான் வேலைக்குத் திரும்பியபோது அடுத்த கப்பலுக்கு ஆள் குறைக்கிறார்கள் என்ற பேச்சு நடந்துகொண்டிருந்தது. கீழிருந்து மேலே ஏற்றி வெல்டிங் செய்ய ஒரே ஓர் இடம். அதற்கு நானும் கலெர்வோவும். பரீட்சையில் தேறுகிறவருக்கு வேலை, மற்றவர் மாதக் கடைசியில் வீட்டுக்குப் போகலாம். கலெர்வோ என் எதிர் பெஞ்சில் உட்கார்ந்து பல வருஷமாகக் காபி குடித்தவன். எனக்கு ஆபரேஷன் ஆனபோது ஏலக்காய் ரொட்டி வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தவனும் அவன்தான்.

பரீட்சையன்று, மூன்றாம் மெஷின் இருந்த தடுப்பறையில் அவன் முதலில் செய்தான். தையல் போட்டது போல அழகான வெல்டிங். அவன் வெளியே வந்ததும், குறி எதுவும் காணோமே என்று கேட்டேன்.

"இது ஒழுங்கா காட்டுது ரைலி. நூத்தஞ்சு வெச்சேன். தோளைப் பாத்துக்கோ."

நூற்றைந்து வைத்தேன். பரீட்சைக்கு முன் கை பழகும் பிளேட்டிலேயே உருகிய இரும்பு நிற்காமல் வழிந்து, திராட்சைக் கொத்து மாதிரி தொங்கியது. ராடின் நுனியில் எரியும் ஆர்க்கைக் குட்டையாக்கினேன். ராடைக் கொஞ்சம் மேல்நோக்கிப் பிடித்தேன். இரண்டு ஓரத்திலும் நின்று, நடுவைச் சட்டென்று தாண்டினேன். வழிந்தது. கரண்டைக் குறைத்தேன். தொண்ணூற்றைந்துக்குக் கீழே போகக் கூடாது என்பது பரீட்சை விதி, அது வரைக்கும் இறக்கினேன். அப்போதும் வழிந்தது. ஆக, தப்பு என் கையில்தான். தோள் போய்விட்டது, என் பிழைப்பும் போய்விட்டது என்று முகமூடிக்குள்ளேயே அழுதேன். அந்த நிலையில்தான் பரீட்சை பிளேட்டையும் செய்தேன். பரிசோதகர் ஹல்மே அதைப் பார்த்த பிறகு என் முகத்தைப் பார்க்கவில்லை.

தோற்றவள்தானே இடத்தைக் கூட்ட வேண்டும். கீழே கிடந்த ராடுத் துண்டுகளைப் பொறுக்கக் குனிந்தபோது கைவிளக்கு மெஷின்மேல் சாய்வாக விழுந்தது. திருகுக்குப் பக்கத்தில் துடைத்த தடம். அடியில் மங்கலாக "இருபது கூடத் தரும்".

கலெர்வோ காபி பெஞ்சில் இருந்தான். நீதான் அழித்தாயா என்று நேராகவே கேட்டேன். அவன் மறுக்கக்கூட இல்லை.

"பென்ஷனுக்கு இன்னும் ரெண்டு வருஷந்தான் இருக்கு எனக்கு. உன் தோள் போச்சுன்னு ஊரே சொல்லுது. எப்படியும் நீ தோத்திருப்பே."

பக்கத்தில் இருந்த ஒருவன், ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று சிரித்தான். கூடம் நிஜமாகவே கோணல் என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். அந்தக் குறியை எழுதியதே அவர்களில் ஒருவன்தான்.

நேராக ஹல்மேயிடம் போய், கேபிளில் கரண்டை அளக்கும் டாங் டெஸ்டர் மாட்டிப் பாருங்கள் என்றேன். திருகு நூற்றைந்தில் இருக்க, டெஸ்டர் நூற்றிருபத்தைந்து காட்டியது. அந்தக் கரண்டில் யாருக்கும் அவ்வளவு அழகாக வராது, அதனால் கலெர்வோ எண்பத்தைந்தில் வைத்துவிட்டு நூற்றைந்து என்று சொன்னதும் அதோடு வெளியே வந்தது. இரண்டு பிளேட்டும் செல்லாது, டெஸ்டரை மாட்டிக்கொண்டே இருவரும் மறுபடி செய்யுங்கள் என்றார் ஹல்மே.

இந்த முறை இரும்பு சொன்ன இடத்தில் நின்றது. என் தோள் வலித்தது, ஆனால் சொன்னபடி கேட்டது. கலெர்வோ அவசரப்பட்டு ஏற்றினான். அவனுடைய பிளேட்டை வளைத்துப் பார்த்தபோது நடுவில் விரிசல் விட்டது. பாவம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்றும் வராது.

மாதக் கடைசியில் அவன் போனான். அவனுக்குக் காபியும் கேக்கும் வைத்து வழியனுப்பினார்கள், என்னைக் கூப்பிடவில்லை. கூட இருந்தே குழி பறித்தவன் அவன். ஆனால் கூட வேலை செய்கிறவனைப் பரிசோதகரிடம் காட்டிக்கொடுத்தவள் நான். எங்கள் தளத்தில் இரண்டாவதுதான் பெரிய பாவம். அன்றிலிருந்து யாரும் என்னோடு பேசுவதில்லை. பேசாமல் இருப்பது பின்லாந்துக்காரனுக்குச் சுலபம். அதனால் அதை நான் தண்டனையாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

புதுக் கப்பலில் எனக்கு வேறொரு மெஷின் கொடுத்தார்கள். திருகுக்குப் பக்கத்தில் சுத்தமாக இருந்தது. சரி, பொய் சொல்லாத மெஷின் போல என்று நினைத்து ராடை வைத்தேன். இரும்பு வழிந்தது. எழுந்து வரிசையில் இருந்த மற்ற மெஷின்களைப் போய்ப் பார்த்தேன். எல்லாவற்றிலும் குறி இருந்தது, எனக்குக் கொடுத்ததில் மட்டும்தான் யாரும் எழுதவில்லை.