பசியாற என்று தேடியவர்கள்

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். இந்தக் கதை கற்பனையில் உதித்ததல்ல, ஒரு தொலைபேசி அழைப்பில் பிறந்தது. மலேசியாவில் ஜொகூர் மாநிலத்து யோங் பெங்கிலிருந்து கஸ்தூரி கேட்டாள்: "அண்ணே, நம்ம வலைப்பதிவ எங்க வைக்கிறது?"

கஸ்தூரி பத்து வருடம் எங்கள் பக்கத்து வீட்டில் இருந்தவள். வேலை பார்த்த தொழிற்சாலை மூடியதும், ஒரு வரி நிரல்கூட எழுதாமல், திரையில் கட்டங்களை இழுத்து இழுத்து வைத்தே 'இலைத்தட்டு' என்ற இணையச் செயலியைக் கட்டிவிட்டாள். செல்வராணி முதலாக, வீட்டில் சமைக்கும் ஐந்து பெண்களின் காலை உணவை அதில் கேட்டு வாங்கலாம். ஆனால் கூகிளில் தேடினால் அது அகப்படுவதே இல்லை. கட்டுரைகள் போட்டால் அகப்படும் என்று யாரோ சொல்ல, எழுதித்தர என்னைப் பிடித்தாள்.

இப்போது சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலை அவளைக் கூப்பிட்டிருக்கிறது. இந்த வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லவேண்டும். போனால் ஜொகூர் பாருவில் அறை எடுத்துத் தங்கவேண்டும், இலைத்தட்டை மூடவேண்டும்.

2

தொடக்கங்கள்:

"செம்பனைக் காடுகளின் பசுமைக்கு நடுவே ஒரு பெண் தனியாக..." (அடித்துவிட்டேன். செம்பனையைக் கண்டாலே என் பேனா தானாக அழத் தொடங்கிவிடும். கஸ்தூரி வளர்ந்தது அடுக்குமாடியில்.)

"இணையம் என்பது ஒரு மாபெரும்..." (மாபெரும் என்ன? தெரியவில்லை. விட்டுவிட்டேன்.)

"ரோலண்ட் தே தாரிக்கை ஆறவிட்டுப் பேசினார்." இது போதும்.

3

ரோலண்ட் கஸ்தூரியோடு வேலை பார்த்தவர். இப்போது ஜொகூர் பாருவில் இணையதளங்களைப் பராமரிக்கிறார். ஆறிய தேநீரை வைத்துக்கொண்டு மூன்று வழிகளைச் சொன்னார். ஒன்று, செயலிக்குள்ளேயே பதிவுகளை வைப்பது. ஆனால் அவள் பயன்படுத்தும் கருவி, பக்கத்தைத் திறந்த பிறகுதான் எழுத்துகளை வரையும். வாசிக்க வரும் கூகிளின் எந்திரத்துக்கு முதலில் வெற்றுத் தாள்தான் தெரியும். இரண்டு, செயலியின் பெயருக்கு முன்னால் 'பிளாக்' என்று சேர்த்துத் தனி முகவரி எடுத்து, வேறோர் இடத்தில் வைப்பது. சுலபம், ஆனால் கூகிள் அதைத் தனிக் குடித்தனமாக நினைத்துவிடலாம். மூன்று, அதே பெயருக்குப் பின்னால் ஒரு சாய்கோடு (/) போட்டு வைப்பது. பதிவுகள் வேறெங்கோ இருந்தாலும், வருகிறவர்களுக்கு ஒரே முகவரிதான் தெரியும். வேலை அதிகம்.

"ஒரே வீட்டு நம்பரா இருக்கணும். அப்பதான் வர்ற பேரு அந்த வீட்டுக்குச் சேரும்," என்றார்.*

(* கூகிள் உண்மையில் எப்படி எடைபோடுகிறது என்று தனக்கும் தெரியாது என ஒப்புக்கொண்டார். இந்தக் கதையில் அவரை நான் நம்புவதற்கு அதுதான் காரணம்.)

எனக்கோ அந்த எந்திரத்தை நினைத்தே வாய் பிளந்துவிட்டது. கூலி கேட்காமல், யோங் பெங் வரைக்கும் வந்து, எவர் எழுதியதையும் தள்ளாமல் வாசிக்கிறதாமே! முப்பது வருடத்தில் எனக்குக் கடிதம் போட்ட வாசகர்கள் நான்கு பேர்.

4

அவசரத்துக்கு இரண்டாவது வழியில்தான் தொடங்கினோம். 'காலைச் சிற்றுண்டியின் மாண்பு' முதலாக மூன்று கட்டுரைகள் எழுதினேன். மூன்று வாரத்தில் வாசித்தவர்கள் இருவர். ஒருத்தி கஸ்தூரி. இன்னொருவர் யார் என்று கேட்காதீர்கள்.

பிறகு ரோலண்ட் சாய்கோட்டு வழியை அமைத்துக்கொடுத்து, சோதனைக்கு எதையாவது போட்டுப் பார்க்கச் சொன்னார். கஸ்தூரி, வாட்ஸாப்பில் எனக்கு அனுப்பப் பிரதியெடுத்து வைத்திருந்த செய்தியை அங்கே ஒட்டிவிட்டாள். எடுக்கவும் மறந்துவிட்டாள். நாங்கள் எல்லாரும் தட்டுவதுபோல் ஆங்கில எழுத்தில் தமிழ்; இங்கே தமிழ் எழுத்துக்கு மாற்றித் தருகிறேன்:

"அண்ணே, நா இன்னும் பசியாறல. செல்வராணி அக்கா இடியப்பம் அவிச்சி முடிக்கட்டும். யோங் பெங் பஸ் ஸ்டேஷன் பக்கம் ரெண்டு வீட்டுக்குக் கொடுத்துட்டுப் பேசுறேன்."

அந்த வாரம் பத்தொன்பது பேர் வந்தார்கள். பத்தொன்பது பேரும் அந்தப் பக்கத்துக்கு.

இங்கே யாரும் சிற்றுண்டி தேடுவதில்லை. பசியாறத்தான் தேடுகிறார்கள்; காலையில் சாப்பிடுவதை மலேசியாவில் நாங்கள் அப்படித்தான் சொல்வோம். ஐம்பது வருடமாகத் தினமும் காலையில் என் வாயில் புழங்கும் சொல். என் கதை ஒன்றில்கூட அது இல்லை. இலக்கியத்துக்கு ஆகாது என்று நானே முடிவுகட்டியிருந்தேன். வெட்கமாக இருந்தது.

சாய்கோட்டின் வெற்றி என்றார் ரோலண்ட். சொல்லின் வெற்றி என்றேன் நான். "இடியப்பம்லா," என்றாள் கஸ்தூரி. முகவரியையும் சொல்லையும் ஒரே வாரத்தில் மாற்றிவிட்டதால், எது காரணம் என்று இனி எவராலும் சொல்லமுடியாது.

5

எப்படித் தேடி வந்தார்கள் என்பதையும் கூகிள் பட்டியல் போட்டுக் காட்டுகிறது. நான் போயிருந்தபோது கஸ்தூரி திரையை என் பக்கம் திருப்பினாள். ஒரு வரி, அதுவும் ஆங்கில எழுத்தில், இப்படி இருந்தது: "பசியாற பல் இல்லாத அம்மா யோங் பெங்".

உறவினரிடமும் அயலாரிடமும் சொல்லாததை ஒரு மனிதர் வெறும் கட்டத்துக்குள் தட்டியிருக்கிறார். அதை உலகமெல்லாம் கொண்டு அலையாமல், நேராகச் செல்வராணியின் இடியப்பத்திடம் சேர்த்திருக்கிறது அந்த எந்திரம். இதற்குமேல் எனக்கு எழுதத் தெரியவில்லை. [இந்தப் பத்தியை ஒன்பது முறை எழுதினேன்.]

மறுநாளே, பல் இல்லாத தன் அம்மாவுக்கு என்று ஒருவர் கேட்டிருந்தார். கஸ்தூரியே இடியப்பத்தையும் தேங்காய்ப்பாலையும் கொண்டுபோனாள். மகனுக்குச் சிங்கப்பூரில் வேலை, வார இறுதியில்தான் வருவாராம். "யாரு சொல்லி வந்தே?" என்று கேட்டிருக்கிறார் அந்த அம்மா.

"கூகிள்னு சொல்ல வாய் வரல அண்ணே. ஒங்க மகன்தான்னு சொன்னேன். அழுதுட்டாங்க."

6

முடிவுகள்:

(அ) கஸ்தூரி சிங்கப்பூருக்குப் போகமாட்டேன் என்கிறாள். இலைத்தட்டு வளர்கிறது. (எழுத எனக்குச் சுலபம். வாழப்போகிறவள் அவள். பத்தொன்பது பேரை நம்பி ஒருத்தி எப்படி வேலையை விடுவாள்?)

(ஆ) போகிறாள். செயலியை மூடுகிறாள். ஆனால் கூகிள் உடனே மறந்துவிடுவதில்லை. கொஞ்ச காலம், பசியோடு வருகிறவர்களை அது பூட்டிய வாசலுக்கு அனுப்பிக்கொண்டே...

(இ)

எந்த முடிவு என்று அவளிடமே கேட்டேன். "வெள்ளிக்கிழமதானே அண்ணே. நீங்க கதைய போடுங்க, படிச்சிட்டுச் சொல்றேன்," என்றாள்.

இன்று வியாழன். இந்தக் கதையையும் அந்தச் சாய்கோட்டுக்குப் பின்னால்தான் போடுகிறோம். நீங்கள் எதைத் தேடி இங்கே வந்தீர்களோ, எனக்குத் தெரியாது. வாசிக்கும்போது வெள்ளி கடந்திருக்கும். கீழே இலைத்தட்டில் கேட்டு வாங்க ஒரு பொத்தான் இருக்கும், அழுத்துங்கள். மறுநாள் காலையில் உங்கள் கதவை யாராவது தட்டினால், அவள் போகவில்லை.

நான் அழுத்திப் பார்க்கமாட்டேன். பயமாக இருக்கிறது.