கூடு இறக்கும் நாளில் ஒரு வாத்து

"அந்த வாத்து உனக்கு அக்காவா, தங்கச்சியா?" என்று மெரில் சித்தப்பா கேட்டார்.

படகுத்துறைக் கொட்டகையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். லியோனாவுக்குக் காது மடல் வரை சூடேறியது. ஊர்க் கூட்டத்தில் அவள் வாயைத் திறந்ததே அன்றுதான் முதல் தடவை. திறந்த வாயில் வந்த முதல் வார்த்தையும் "இல்லை" என்பதாகப் போய்விட்டது.

டகெட் தீவில் அந்த வார்த்தைக்கு எடை அதிகம். ஜூன் பிறந்ததும் சிங்கி இறால் பிடிக்கும் கூடுகளை எல்லோரும் ஒரே காலையில்தான் கடலில் இறக்குவார்கள். யாரும் முந்திக்கொண்டு போய் நல்ல பாறை இடுக்குகளை வளைத்துவிடக் கூடாது என்று ஏற்பட்ட வழக்கம் அது. முந்தின நாள் சாயங்காலம், படகுக்காரர்களில் மூத்தவரான கிளேட்டன் மாமா ஒவ்வொரு படகுக்காரரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "தயாரா?" என்று கேட்பார். எஞ்சின் பழுது, இடுப்புப் பிடிப்பு, மனைவிக்குப் பிரசவம் என்று எவர் ஒருவர் இல்லை என்று சொன்னாலும் தீவே காத்திருக்கும். காரணத்தை மட்டும் சொல்லிவிட வேண்டும்.

லியோனா சொன்ன காரணம் வாத்து.

அவளுடைய அப்பாவுக்கு முழங்கால் போனதால் இந்த வருஷம்தான் படகு அவள் கைக்கு வந்திருந்தது. கரையோரம் ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கி வைத்திருந்த அவளுடைய கம்பிக் கூடுகளில், கதவு திறந்து கிடந்த கீழ் வரிசைக் கூடு ஒன்றுக்குள் கடல் வாத்து ஒன்று புகுந்து, தன் மார்புத் தூவியைப் பிடுங்கி மெத்தை போட்டு அடைகாத்துக்கொண்டிருந்தது.

"கூட்டுல வைக்கிற இரை மீன் எனக்கு வந்து இறங்கியாச்சு," என்றார் மெரில் சித்தப்பா. "இப்பவே மூக்கைப் பொத்திக்கிட்டுத்தான் பக்கத்துல போக முடியுது. அது குஞ்சு பொரிக்கிற வரைக்கும் நாங்க என்ன பண்றது, தாலாட்டு பாடறதா?"

"நீங்க பாடினா முட்டையே எந்திரிச்சு ஓடிடும்," என்றது பின்வரிசைக் குரல் ஒன்று.

வாத்தை விரட்டிவிடலாம் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. மெரில் சித்தப்பாகூடச் சொல்லவில்லை. மே மாதம் வந்தால் அந்தத் தீவில் நாய்களைக் கட்டிப்போடுவார்கள். புல்மேட்டுப் பக்கம் பிள்ளைகள் போக மாட்டார்கள். 'பறவை அடைகாக்கிறது, சுற்றிப் போ' என்று மேட்டின் ஓரத்தில் நிற்கும் பலகை மெரில் சித்தப்பா கையால் எழுதியதுதான்.

கிளேட்டன் மாமா தாடையைச் சொறிந்துகொண்டார். "தயாரில்லாதவங்களை நாமதானே தயார் பண்ணிவிடுவோம். காலையில எல்லாரும் அவ அடுக்குக்கு வாங்க. அந்தக் கடைசியிலேருந்து ஒவ்வொரு கூடா இறக்குவோம். வாத்து இருக்கற மூலையை விட்டுடுவோம். பூட்ஸ் வேண்டாம். பேச்சும் வேண்டாம்."

"பேச்சு வேண்டாம்னா மெரிலை வீட்டுலயே விட்டுட்டு வந்துடலாமா?" என்று அதே பின்வரிசைக் குரல் கேட்டது.

லியோனா அன்றிரவு சரியாகத் தூங்கவில்லை. முட்டைக்கு ஏதாவது ஆகிவிட்டால் வாத்தும் போய், முதல் வருஷத்திலேயே ஊரைக் காக்க வைத்தவள் என்ற பேரும் நிற்கும். ஆயுசுக்கும் நிற்கும். அந்தத் தீவில் எதையும் யாரும் மறப்பதில்லை.

காலையில் கால் உறையோடு வந்து நின்றார்கள் படகுக்காரர்கள். கடலில் காற்றை மீறிக் கத்திக் கத்தித் தொண்டை தடித்துப்போன ஆட்கள், கோயிலில் நிற்பதுபோல் வரிசையாக நின்று கூடுகளைக் கைமாற்றினார்கள். ஒருவர் தும்மலை அடக்கிக் கண்ணில் தண்ணீர் வடித்தார். மெரில் சித்தப்பா புதிய மஞ்சள் மழைக்கோட்டில் வந்திருந்தார். கூடு இறக்கும் நாளுக்கென்று வருஷம் ஒரு கோட்டு வாங்குவது அவர் வழக்கம். அவருடைய கிசுகிசுப்பு மற்றவர்கள் கத்துவதைவிடப் பலமாக இருந்தது.

"என்னையே பாக்குது," என்றார் லியோனாவிடம்.

"பேசாதீங்க சித்தப்பா, அதான் பாக்குது."

வாத்து கல்லைப் போல அசையாமல் உட்கார்ந்திருந்தது. பழுப்பு இறகில் கண் மட்டும்தான் மினுங்கியது. அடுக்கு முக்கால்வாசி கரைந்துவிட்டது. லியோனாவுக்கு அப்போதுதான் மூச்சே சீராக வந்தது. அந்த நேரம் பார்த்து மெரில் சித்தப்பாவின் கால் உறை, கரையில் கிடந்த பலகையில் துருத்திய ஆணியில் மாட்டிக்கொண்டது. அவர் ஒரு காலில் குதித்தார். கையிலிருந்த கூடு நழுவி, கல்லில் மோதி, தகரக் கடையே கவிழ்ந்தது போல் உருண்டது.

வாத்து கூட்டிலிருந்து வெளியே பாய்ந்து பறந்தது. பறக்கிற வேகத்தில், பயந்துபோன கடல் வாத்து எதைச் செய்யுமோ அதை முட்டைமேல் கொஞ்சமும், புதுக்கோட்டின் முன்பக்கம் முழுக்கவும் செய்துவிட்டுப் போனது.

அந்த நாற்றத்தைப் பற்றி எழுத வேண்டாம். சிரிப்பை அடக்க முடியாமல் இரண்டு பேர் கொட்டகைக்குப் பின்னால் ஓடினார்கள்.

லியோனா சிரிக்கவில்லை. பாசி நிறத்தில் ஐந்து முட்டைகள் திறந்து கிடந்தன. கொட்டகைக் கூரையில் கடற்காகங்கள் அதற்குள் வந்து உட்கார்ந்து கழுத்தை நீட்டின. அவள் ஓடுவதற்குள் மெரில் சித்தப்பா மண்டியிட்டுவிட்டார். கயிறு இழுத்து மரத்துப்போன தடித்த விரல்களால் தூவியை மெல்ல இழுத்து முட்டைகளை மூடினார். பிறகு துடைப்பம் ஒன்றை எடுத்துக்கொண்டு, சற்றுத் தள்ளி ஒரு தொட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பாத்துக்கிட்டு நிக்காம வேலையை முடிங்க," என்றார்.

மீதிக் கூடுகளும் லியோனாவின் படகில் ஏறின. வெயில் வந்தது. எல்லோரும் துறையில் கூடினார்கள். கிளேட்டன் மாமா மறுபடி பெயர் சொல்லிக் கேட்டார்.

"லியோனா?"

"தயார், மாமா."

"மெரில்?"

தொட்டிமேல் இருந்தவர் துடைப்பத்தை ஓங்கி ஒரு கடற்காகத்தை விரட்டினார்.

"மெரில், உன்னைத்தாம்பா. தயாரா?"

"இல்லை."

இவ்வளவு காலத்தில் மெரில் அப்படிச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

"காரணம் சொல்லணுமே."

அவர் திரும்பாமல், பின்னாலிருந்த முட்டைகள் பக்கம் கையைக் காட்டினார்.

"கோட்டு காயட்டும்னு உக்காந்திருக்காரு," என்று யாரோ விளக்கினார்கள்.

ஆக, தீவு காத்திருந்தது. காப்பி வந்தது, சர்க்கரை தூவிய டோனட் வந்தது. எத்தனை குஞ்சு பொரிக்கும் என்று பந்தயம் நடந்தது. லியோனா ஒரு குவளைக் காப்பியை எடுத்துக்கொண்டு போய், கோட்டு நாற்றம் எட்டாத பக்கமாகப் பார்த்து நின்றாள்.

"நான் பாத்துக்கறேன், நீங்க போங்க சித்தப்பா."

"நீ வந்தா புது ஆளுன்னு பயப்படும். என்னை அதுக்கு நல்லாத் தெரியும்." காப்பியை ஒரு வாய் குடித்தார். "நேத்து கூட்டத்துல இல்லைன்னியே, எனக்குப் பாதிதான் கேட்டுச்சு. அடுத்த தடவை சத்தமாச் சொல்லு."

"சரி."

"இதுவும் கேக்கலை."

"சரின்னேன்," என்றாள் லியோனா. துறையில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகவே சொல்லிவிட்டாள். அவளுக்கே சிரிப்பு வந்தது.

வெயில் உச்சிக்கு ஏறும்போது வாத்து நீந்தி வந்தது. பாசிப் பாறைமேல் ஏறி ஆடி ஆடி நடந்தது. தொட்டியின் அருகே வந்ததும் நின்றது. மெரில் சித்தப்பா துடைப்பத்தை மடியில் வைத்துக்கொண்டு சிலையானார். அது அவரை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தது. பிறகு கூட்டுக்குள் நுழைந்து, அலகால் தூவியை விலக்கி, வயிற்றை இப்படியும் அப்படியும் அசைத்து முட்டைகள்மேல் அமர்ந்தது.

கிளேட்டன் மாமா மறுபடி "தயாரா?" என்று கேட்பதற்கு வாயெடுத்து, வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

மெரில் சித்தப்பா தொட்டியிலிருந்து எழுந்தார். கோட்டைக் கழற்றி உள்பக்கம் வெளியாகச் சுருட்டி அக்குளில் இடுக்கினார். கிழிந்த கால் உறையோடு, நுனிக்காலில், எல்லோரையும் தாண்டி நடந்தார். படிக்கட்டில் இறங்கிச் சின்னத் தோணியில் ஏறினார். துடுப்பைத் தண்ணீருக்குள் சத்தமில்லாமல் அமிழ்த்தி, நங்கூரமிட்டிருந்த தன் படகை நோக்கி, ஒரு வார்த்தை பேசாமல் போனார்.